கூவம் முதல் திருவான்மியூர் வரை: தென்சென்னைக் கடலோரத்தின் நிலம், வரலாறு, தொழில்

மாவட்டம் என்றதும் வயல்களும் கிராமங்களும் ஒன்றிய அலுவலகமும் நினைவுக்கு வருவது வழக்கம். சென்னை மாவட்டத்தில் இவை எதுவும் இல்லை. முழுவதும் மாநகரம். 174 சதுர கிலோமீட்டராக இருந்த இந்தக் கடலோர மாவட்டம் 2018 ஜனவரியில் 426 சதுர கிலோமீட்டராக விரிவாக்கப்பட்டது. பழைய எல்லைக்குள் 2011 கணக்கெடுப்பின்படி வாழ்ந்தவர்கள் 46,46,732 பேர். அந்தப் பழைய சென்னை ஐந்து வட்டங்களாகப் பிரிந்திருந்தது. அவற்றில் தெற்கே இருந்தவை மயிலாப்பூர்–திருவல்லிக்கேணி வட்டமும் மாம்பலம்–கிண்டி வட்டமும். வடக்கே கூவம் ஆறு, கிழக்கே வங்கக் கடல், தெற்கே திருவான்மியூர், மேற்கே தியாகராய நகரும் கிண்டியும் என்று அமைந்த இந்தப் பகுதியைப் பற்றியே இங்கு பார்க்கப் போகிறோம்.

வருவாய்த்துறைக் கணக்கில் இங்கே ஊராட்சி கிடையாது என்று சொன்னோம். ஆனால் நொச்சிக்குப்பத்திலும் ஊரூர் குப்பத்திலும் ஊர்ப் பஞ்சாயத்து இன்றும் கூடுகிறது. மாநகராட்சியைவிடப் பழமையான அமைப்பு அது. இந்தக் கரை யாருடையது என்ற கேள்விக்கு நவாப், கம்பெனி, அரசு, மீனவர் என ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு பதில் இருந்திருக்கிறது. இப்பகுதியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள அந்தக் கேள்வியே நல்ல வழிகாட்டி.

நிலமும் நீரும்

நிலம் பெரும்பாலும் தட்டையானது; கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே. கடற்கரைக்கு இணையாக மணல் மேடுகளும் அவற்றுக்கு இடையே பள்ளங்களும் கிடக்கின்றன. மேற்கே கிண்டி, பரங்கிமலைப் பக்கம் போனால்தான் கடினப் பாறை. ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். மீதி எட்டு ஒன்பது மாதங்களுக்கு அந்த நீரைச் சேமித்தால்தான் உண்டு. பெசன்ட் நகர், திருவான்மியூர் மணலுக்கு அடியில் நல்ல நீர் நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கடல்நீர் உள்ளே வந்துவிடும். 2003-ல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய சட்டத்தின் பலன் இந்த மணற்பகுதியில் கண்கூடாகத் தெரிந்தது.

அடையாறு சுமார் 42 கிலோமீட்டர் ஓடி, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடலில் கலக்கிறது. மழையில்லாத மாதங்களில் ஆற்றில் ஓட்டம் குறையும்போது கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. கூவத்தின் கதையும் இதேதான். இரண்டு ஆறுகளையும் இணைத்து, கடற்கரைக்கு இணையாகச் செல்வது பக்கிங்காம் கால்வாய். 1806-ல் வடக்கே தொடங்கிய இந்தக் கால்வாயில், கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி 1877–78-ல் வெட்டப்பட்டது. அது தாது வருடப் பஞ்ச காலம். பட்டினியால் பட்டணம் வந்து சேர்ந்த மக்களுக்கு நிவாரண வேலையாக இந்தத் தோண்டும் பணி தரப்பட்டது. ஆந்திரக் கரையிலிருந்து உப்பும் விறகும் அரிசியும் சிப்பியும் ஏற்றிய படகுகள் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இதில் வந்துபோயின. 1990-களில் பறக்கும் ரயிலுக்கான தூண்கள் கால்வாயின் படுகையிலேயே ஊன்றப்பட்டன. சேப்பாக்கத்திலிருந்து திருமயிலை வரை ரயிலில் செல்பவர்கள் கீழே பார்த்தால் தெரியும் கறுத்த நீர்தான் அந்தப் பஞ்சகாலக் கால்வாய்.

காணாமல் போன நீர்நிலையும் ஒன்று உண்டு. நுங்கம்பாக்கத்திலிருந்து மயிலாப்பூர் எல்லை வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியை ஆங்கிலேயர் 'லாங் டேங்க்' என்றார்கள். 1920-களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது அதை வடித்து, வீட்டுமனைகளாக்கி, சர் பிட்டி தியாகராயரின் பெயரைச் சூட்டினார்கள். அதுவே தியாகராய நகர், பேச்சு வழக்கில் தி.நகர். பனகல் பூங்காவும், அதைச் சுற்றி ஆரக்கால் போலப் பிரியும் தெருக்களும் அப்போது திட்டமிட்டுப் போடப்பட்டவை. ஏரியின் வடபகுதியில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை' என்ற பெயர் மட்டும் இன்னும் இருக்கிறது. பார்க்க ஏரி இல்லை. ஏரியின் உபரி நீர் போன வழியில் இப்போது மாம்பலம் கால்வாய் நந்தனம் வரை சென்று அடையாற்றில் சேர்கிறது. 2021 நவம்பர் மழையில் தி.நகர்த் தெருக்களில் முழங்காலளவு நீர் நின்றபோது பலர் ஆச்சரியப்பட்டார்கள். ஏரிக்குள் நீர் வந்தது என்பதைத் தவிர அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மயிலைத் துறைமுகம்

மயிலாப்பூர் சென்னையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த ஊர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி குறிப்பிடும் 'மலியார்ஃபா' இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. சமணர்களுக்கும் இது முக்கியத் தலம். 'நேமிநாதம்' என்ற தமிழ் இலக்கண நூலின் பெயரே மயிலை நேமிநாதரை ஒட்டியது. கடல் ஊருக்குள் வந்ததால் அந்தச் சிலையை மேல்சித்தாமூருக்கு எடுத்துச் சென்றார்கள் என்பது சமண மரபுச் செய்தி.

சோழமண்டலக் கரையை அரபு வணிகர்கள் 'மஅபர்' என்று அழைத்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரை வழியாக வந்த மார்க்கோ போலோ, புனித தோமாவின் அடக்கத்தலம் இருக்கும் சிறு ஊரைப் பற்றி எழுதியிருக்கிறார். கிறித்தவர்கள் மட்டுமல்ல, முஸ்லிம்களும் அங்கே அதிகமாக வருகிறார்கள், அவரை ஒரு புனிதராக மதிக்கிறார்கள் என்பது அவர் தரும் செய்தி. வணிகர் வருகை குறைந்த, எளிதில் சென்றடைய முடியாத இடம் என்றும் சொல்கிறார்.

போர்த்துக்கீசியர் 1520-களில் இங்கே குடியேறி, சாந்தோம் என்ற கோட்டை நகரை உருவாக்கினார்கள். கடற்கரையில் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் அக்காலத்தில் அழிந்து, இப்போதுள்ள இடத்தில் பின்னர் கட்டப்பட்டது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. சாந்தோம் தேவாலயப் பகுதியில் தமிழ்க் கல்வெட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. 1662-ல் கோல்கொண்டா சுல்தானின் படை சாந்தோமைப் பிடித்தது. 1672-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைப்பற்றி இரண்டே ஆண்டுகளில் இழந்தார்கள். 1749-ல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இன்று நாம் பார்க்கும் வெள்ளைக் கோபுரத் தேவாலயம் 1896-ல் கட்டி முடிக்கப்பட்டது.

கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்துக்கான நிலம் ஆற்காடு நவாப் வழங்கியது என்று மயிலாப்பூரில் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறார்கள். முஹர்ரம் நாளில் முஸ்லிம்கள் குளத்தில் இறங்கும் வழக்கத்துக்கும் அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

அடையாற்றில் ஒரு நாள்

இந்திய வரலாற்றின் போக்கை மாற்றிய போர்கள் என்று பாடநூல்கள் பிளாசியையும் பக்சரையும் சொல்கின்றன. அவற்றுக்கு முன்பே, 1746 அக்டோபரில், அடையாறு முகத்துவாரத்தில் நடந்த ஒரு சண்டையை நம் பிள்ளைகளில் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள்.

அந்த ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார்கள். ஊரைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று கர்நாடக நவாப் அன்வருத்தீன் கான் கேட்டார், பிரெஞ்சுக்காரர்கள் தரவில்லை. நவாபின் மகன் மஹ்பூஸ் கான் சுமார் பத்தாயிரம் பேர் கொண்ட படையுடன் ஆற்றின் வடகரையில் நின்றார். புதுச்சேரியிலிருந்து வந்த பராடி என்ற அதிகாரியிடம் இருந்தவர்கள் ஆயிரம் பேர் அளவுதான். அவர்களிலும் பெரும்பாலோர் பிரெஞ்சு முறையில் பயிற்சி பெற்ற உள்நாட்டுச் சிப்பாய்கள். அவர்கள் ஆற்றில் இறங்கி நடந்தே கடந்து, வரிசையாக நின்று சுட்டார்கள். நவாபின் குதிரைப்படை சாந்தோம் தெருக்களுக்குள் பின்வாங்கிச் சிதறியது.

வீரம் குறைந்ததால் வந்த தோல்வி அல்ல இது. விடாமல் சுடும் துப்பாக்கி வரிசைக்கு முன்னால் பழைய குதிரைப்படை முறை நிற்க முடியாது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஐரோப்பியர் சிப்பாய்ப் படைகளைப் பெருக்கத் தொடங்கினார்கள். உள்நாட்டு ஆட்சியாளர்களோ ஏதேனும் ஒரு கம்பெனியின் படையை வாடகைக்கு நம்ப வேண்டியதாயிற்று. 1749-ல் ஆம்பூர்ப் போரில் அன்வருத்தீன் கொல்லப்பட்ட பின், இன்னொரு மகனான முஹம்மது அலி நம்பியது ஆங்கிலக் கம்பெனியை. வாலாஜா என்ற பட்டத்தால் அறியப்படுபவர் அவர்தான்.

நவாபின் கரை

முஹம்மது அலி வாலாஜா 1768-ல் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டினார். ஹுமாயூன் மஹால், கல்ஸா மஹால் என்று அதற்கு இரண்டு பகுதிகள். அரண்மனைத் தோட்டம் வடக்கே கூவம் வரையும் தெற்கே இன்றைய பாரதி சாலை வரையும் பரந்திருந்தது, கிழக்கே கடல். அன்று மெரினா இப்போதைய அகலத்தில் இல்லை. அலை அரண்மனைக்கு வெகு அருகில் வந்தது. சேப்பாக்கம் என்ற பெயரே ஆறு தோட்டங்கள் என்ற பொருளுள்ள 'சே பாக்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று ஒரு சாரார் சொல்வார்கள்.

கோட்டையின் பீரங்கிக்கு எட்டும் தூரத்தில் நவாப் குடியேறியது பாதுகாப்புக்காக. ஆனால் அந்தப் பாதுகாப்புக்குக் கட்டணம் இருந்தது. கம்பெனிப் படைகளின் செலவு முழுதும் அவர் கணக்கில் ஏறியது. அதைக் கட்ட, கம்பெனி அதிகாரிகளிடமே தனிப்பட்ட முறையில் அதிக வட்டிக்குக் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாக மாவட்டங்களின் நிலவரி வருவாய் எழுதிக் கொடுக்கப்பட்டது. ஆற்காட்டிலும் தஞ்சையிலும் உழுதவன் கொடுத்த வரி இப்படி லண்டனில் மாளிகைகளாக மாறியது. 1785-ல் எட்மண்ட் பர்க் இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரை இந்தக் கடன் ஊழலைப் பற்றியதே. தென்னிந்தியாவின் பொருளாதார வரலாற்றை எழுதுபவர்கள் சேப்பாக்கம் அரண்மனையின் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்குவது நல்லது.

வாலாஜா 1795-ல் காலமானார். அதே ஆண்டில் அவர் குடும்பத்தார் திருவல்லிக்கேணியில் எழுப்பிய பெரிய பள்ளிவாசல் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கருங்கல்லால் ஆன, விரிந்த முற்றமுள்ள கட்டடம் அது. பள்ளியின் ஆண்டைக் குறிக்கும் பாரசீகக் கல்வெட்டை இயற்றியவர் நவாபிடம் பணியாற்றிய ராஜா மக்கன் லால் என்ற இந்து அறிஞர். அவர் தேர்ந்த சொற்றொடரின் எழுத்தெண்களைக் கூட்டினால் ஹிஜ்ரி 1209 வரும். லக்னோவிலிருந்து வந்து இங்கே கற்பித்த மார்க்க அறிஞர் பஹ்ருல் உலூம் மௌலானா அப்துல் அலி இப்பள்ளி வளாகத்தில் அடங்கியிருக்கிறார். 1972-ல் மறைந்த காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிபின் அடக்கத்தலமும் இங்குதான். ரமலான் மாதம் முழுவதும் இப்பள்ளியில் நோன்பு திறக்கும் உணவு மயிலாப்பூரிலிருந்து வருகிறது. டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் உள்ள, சிந்தி இந்துக்கள் நடத்தும் சூஃபிதார் அறக்கட்டளையினர் பல ஆண்டுகளாகத் தாமே சமைத்துக் கொண்டுவந்து தாமே பரிமாறுகிறார்கள். நாமறிந்த வரையில் அதற்கு அவர்கள் விளம்பரம் தேடியதில்லை.

1801-ல் நவாபின் ஆட்சி அதிகாரம் முழுவதையும் ஓர் உடன்படிக்கை மூலம் கம்பெனி எடுத்துக்கொண்டது. பட்டமும் ஓய்வூதியமும் மட்டும் மிஞ்சின. 1855-ல் குலாம் கௌஸ் கான் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததும் பட்டமும் பறிபோனது. கடனுக்காக ஏலத்துக்கு வந்த அரண்மனையை அரசாங்கமே வாங்கிக்கொண்டது. ஆட்சியில்லாத 'அமீரே ஆற்காட்' பட்டம் 1867-ல் குடும்பத்துக்குத் தரப்பட்டது. 1876 முதல் அவர்கள் ராயப்பேட்டை அமீர் மஹாலில் வசிக்கிறார்கள். சேப்பாக்கம் அரண்மனை அரசு அலுவலகங்களாயிற்று. 2012 ஜனவரியில் தீ விபத்தில் கல்ஸா மஹால் பெருமளவு எரிந்தது. பின்னர் பழைய முறைப்படி சீரமைக்கப்பட்டது. தோட்டமாக இருந்த நிலத்தில் பல்கலைக்கழகமும் அதன் செனட் மண்டபமும் கிரிக்கெட் மைதானமும் வந்துவிட்டன.

மெரினா எப்படி வந்தது

சென்னையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, மசூலாப் படகுகளில் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கொண்டுவர வேண்டும். 1870-களின் பிற்பாதியில் செயற்கைத் துறைமுகத்துக்கான கற்சுவர்களைக் கடலுக்குள் நீட்டத் தொடங்கினார்கள். 1881 புயல் அவற்றை உடைத்தது, மீண்டும் கட்டினார்கள். இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. அந்த மணல் சுவரில் தடுக்கப்பட்டுத் தென்பக்கம் சேர்ந்தது. அப்படி அகன்றதுதான் மெரினா. சில இடங்களில் இன்று 400 மீட்டருக்கும் மேல் மணல். வடபக்கமோ மணல் வரத்து நின்று, ராயபுரம் கரை அரிக்கப்பட்டது. ஒரே சுவரால் தெற்கே அழகு, வடக்கே அழிவு. வடசென்னைக்காரர்களிடம் கேட்டால் இது மணலுக்கு மட்டும் பொருந்தும் சங்கதியல்ல என்பார்கள்.

1880-களில் ஆளுநர் கிராண்ட் டஃப் கரையோர நடைபாதை அமைத்து 'மெரினா' என்று பெயரிட்டார். அதற்கும் முன்பே, 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கும் கிடங்காக இருந்தது. பின்னாளில் சுவாமி விவேகானந்தர் தங்கிய இடமாக அது பெயர் பெற்றது.

இன்றைய தொழில்

இப்பகுதியின் வருமானம் இன்று பெரும்பாலும் வணிகம், கல்வி, மருத்துவம், மென்பொருள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. ஏரியாக இருந்த தி.நகர், துணிக்கும் நகைக்கும் பாத்திரத்துக்கும் மாநிலம் முழுவதிலிருந்தும் ஆட்களை இழுக்கும் சந்தை. சௌந்தரபாண்டியனார் அங்காடி என்ற பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதை வளாகம் வந்தது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023-ல் திறக்கப்பட்டது. பெருநாள் வாங்கலுக்கு ரங்கநாதன் தெருவில் நெரிசலில் நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். அந்தக் கடைகளில் வேலை செய்பவர்களில் பலர் தென்மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் இளைஞர்கள், இளம்பெண்கள். நாள் முழுவதும் நின்றபடியே விற்கும் அவர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் சட்டமன்றம் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது, இருக்கை போட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை கவனியுங்கள்.

அடையாற்றுக்குத் தெற்கே கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள் நெருக்கமாக இருக்கின்றன. 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் அதில் ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிலில் நம் சமுதாயத்தினர் பெரும் பங்கு வகிப்பதால் அங்குள்ள பல குடும்பங்களுக்கு இந்த அடையாறு முகவரி பழக்கமானது. 1954-ல் புற்றுநோய் மருத்துவமனையும் 1959-ல் ஐஐடியும் வந்தன. தரமணியில் 2000-ல் திறந்த டைடல் பூங்கா தெற்கே பழைய மகாபலிபுரம் சாலை முழுவதையும் மென்பொருள் சாலையாக மாற்றியது. ராயப்பேட்டையில் 1951-ல் தொடங்கிய புதுக்கல்லூரி, தேனாம்பேட்டையில் நீதிபதி பஷீர் அகமது சயீத் பெயரிலான மகளிர் கல்லூரி ஆகியவை நம் சமுதாயம் இப்பகுதிக்குத் தந்த கல்வி நிலையங்கள்.

குப்பங்கள்

கடல் தொழில் மேற்கண்ட பட்டியலில் சிறிய தொகையாகத்தான் தெரியும். ஆனால் இக்கரையில் அதுவே மூத்த தொழில். அயோத்தியாகுப்பம், மாட்டாங்குப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம், டூமிங்குப்பம், சீனிவாசபுரம் ஆகியவை ஆற்றுக்கு வடக்கே. ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம், திருவான்மியூர் குப்பம் தெற்கே. கட்டுமரம் போய் இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகு வந்துவிட்டது. அறிவு மாறவில்லை. தெற்கிலிருந்து வரும் நீரோட்டம் தெண்டி, வடக்கிலிருந்து வருவது வன்னி. கச்சான், வாடை என்று காற்றுக்குப் பெயர்கள். இவற்றைப் பார்த்துத்தான் எந்த வலை, எந்த மீன், போகலாமா கூடாதா என்று முடிவு செய்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் நாட்களில் நகரத்துக்கு வஞ்சிரமும் சங்கராவும் நெத்திலியும் தருவதில் இந்தச் சிறு படகுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. விடியலில் படகு கரை ஏறியதும் அங்கேயே ஏலம். ஏலத்தில் எடுத்து விற்பது பெண்கள். வீட்டு வருமானத்தின் பாதி அவர்கள் கையில்தான்.

இவர்களின் பிரச்சினை கடலில் இல்லை, கரையில். வலை உலர்த்தவும் படகு நிறுத்தவும் மீன் விற்கவும் மணல் வேண்டும். அதே மணலை நகரம் பூங்காவாகவும் சாலையாகவும் பார்க்கிறது. 1985-ல் மெரினாவை அழகுபடுத்தக் கட்டுமரங்களை அகற்ற முயன்றதில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் உயிரிழந்தார்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் கடைசி நாளன்று நடுக்குப்பத்தின் மீன் சந்தை எரிந்தது. 2023 ஏப்ரலில், பட்டினப்பாக்கம் லூப் சாலையோர மீன் கடைகளால் போக்குவரத்து தடைபடுகிறது என்று உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. மாநகராட்சி கடைகளை அகற்றத் தொடங்க, மீனவர்கள் மீன்களைச் சாலையில் கொட்டிப் போராடினார்கள். சாலைக்கு மீன் கடை இடைஞ்சலா, மீன் கடை இருந்த இடத்தில் சாலை வந்ததா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. 2024 ஆகஸ்டில் அங்கே நவீன மீன் அங்காடி திறக்கப்பட்டது. கூரையும் தண்ணீரும் கழிவு வசதியும் உண்டு. நன்மைதான். ஆனால் கடை கட்டடத்துக்குள் போனபின் கரை மணலின் மீதான உரிமை என்னவாகும் என்ற கவலை தீரவில்லை.

2004 டிசம்பர் 26 சுனாமியில் சென்னையில் இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. வீடிழந்தவர்களில் ஒரு பகுதியினர் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டார்கள். கடலிலிருந்து தள்ளிவைத்தால் பாதுகாப்பு என்பது அரசின் கணக்கு. விடியற்காலை மூன்று மணிக்குக் கடலைப் பார்த்து முடிவெடுக்க வேண்டியவனுக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி வீடு என்பது தொழிலை விடச் சொல்வதற்குச் சமம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டபோது கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கின. பல பள்ளிவாசல்கள் கதவைத் திறந்து, வந்தவர் யார் என்று கேட்காமல் சோறு போட்டன. பின்னர் வந்த தணிக்கைத் துறை அறிக்கை இதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றே குறிப்பிட்டது. அதன் பிறகு ஆற்றங்கரைக் குடிசைவாசிகள் ஆயிரக்கணக்கில் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் தினமும் அவர்கள் திரும்பி வருவது மயிலாப்பூருக்கும் அடையாறுக்கும்தான். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆற்றின் வெள்ளப் பரப்பில் குடிசைகள் மட்டும் இருக்கவில்லை. பெரிய கட்டடங்களும் இருந்தன. அவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

முகத்துவாரத்தில் 58 ஏக்கர் சதுப்புநிலம் மீட்கப்பட்டு 2011-ல் தொல்காப்பியப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பறவைகள் திரும்பின. அதற்குக் கிழக்கே, 1967-ல் கட்டி 1977-ல் வெள்ளத்தில் இடிந்த 'உடைந்த பாலம்' இன்னும் ஆற்றுக்குள் பாதியில் நிற்கிறது. மீனவர்கள் அக்கரைக்கும் இக்கரைக்கும் நடந்துபோகக் கட்டியது அது. இன்று மாலை நேரங்களில் புகைப்படம் எடுக்க வருபவர்களின் கூட்டம் அங்கே. ஐப்பசி பிறப்பதற்கு முன் முகத்துவாரத்தின் மணல்மேட்டை வெட்டிவிட ஒவ்வோர் ஆண்டும் இயந்திரங்கள் வருகின்றன. வெட்டிய வழியைக் கடல் சில வாரங்களில் மீண்டும் மூடுகிறது. சீனிவாசபுரத்தின் கடைசி வரிசை வீடுகள் அந்த மணல்மேட்டுக்கு எதிரில் இருக்கின்றன. சில ஆண்டுகளாக அந்த வரிசையில் அலை அடித்து வீடுகள் விழுந்திருக்கின்றன. விழுந்த வீட்டுக்குப் பின்னால் இருந்த வீடு இப்போது கடைசி வரிசை.